வரிக்கடைசியில் இருந்த எழுத்து

அன்றைக்குப் பண்ணையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், கணக்கு எழுதுகிறவர், தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும், தொட்டிக்காரம்மா என்று நாங்கள் கூப்பிடும் பெண். பண்ணையை நடத்துகிற என் மாமா, அதாவது என் அக்காவின் கணவர், அங்கே இல்லை. ஒரு பத்திர வேலையாகச் செங்கல்பட்டு போயிருந்தார். ஜெனரேட்டர் அறையின் ஒரே சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. அக்காவும் இல்லை, கருங்குழியில் வீட்டில் இருந்தாள். அவளுடைய வளையலும் ஆரமும் அவளிடம் இல்லை. அவை மதுராந்தகத்தில் அடகுக் கடையில் இருந்தன. காலை ஒன்பது மணிக்கு மேல் மின்சாரமும் இல்லை.

மின்சாரம் போகும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். மாதாமாதம் பராமரிப்புக்காக ஒரு நாள் நிறுத்துவார்கள். காலையிலிருந்து மாலை வரை இருக்காது. அதை நினைத்து யாரும் பதறவில்லை. பதற வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்தவன் நான்.

பண்ணை என்றால் இறால் குஞ்சுப் பண்ணை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கி, சவுக்குத் தோப்பைத் தாண்டினால் கடலுக்கு முன்னால் ஒரு நீளமான தகரக் கொட்டகை வரும். மாமாவின் குடும்பம் நெல்லும் மணிலாக் கொட்டையும் போட்ட குடும்பம். கடல் தண்ணீரை அவர்கள் யாரும் கையால் தொட்டு வேலை செய்ததில்லை. மாமா அந்தக் கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்தபோது ஊரில் சிரித்தார்கள். மூன்று சிமெண்ட் தொட்டிகள். கண்ணுக்குத் தெரியாத பருவத்தில் குஞ்சை வாங்கி, ஓர் இமைமுடி அளவுக்கு வளர்த்து, குட்டை வைத்திருப்பவர்களுக்கு விற்க வேண்டும். ஒரு தொட்டியில் ஆறு லட்சம் குஞ்சுகள். அந்த முறை வளர்ந்திருந்தவை அக்காவின் நகையில் வாங்கியவை. வாரக் கடைசியில் மூன்று தொட்டியும் விலைபோகும், நகை வீட்டுக்கு வரும் என்பதுதான் பேச்சு.

அதுவரைக்கும் தொட்டியில் காற்று நிற்கக் கூடாது. மோட்டார் ஒன்று இரவும் பகலும் குழாய் வழியாகக் காற்றை அனுப்பிக்கொண்டே இருக்கும். தண்ணீர் முழுக்கக் குமிழி. அந்தச் சத்தத்துக்கு நடுவில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். வெளியே வந்த பிறகும் கத்திக்கொண்டே இருப்பார்கள். காற்று நின்றால் குஞ்சு தாங்காது. அரை மணி நேரம் என்பது நல்ல நாளில்.

மின்சாரம் போனால் ஜெனரேட்டரை எழுப்ப ஆள் வேண்டும். தானாக எழுப்புகிற பெட்டி கடையில் கிடைக்கிறது. அதன் விலையைக் கேட்டுவிட்டு மாமா டீ கூடக் குடிக்காமல் திரும்பி வந்தார். அப்போதுதான் நான் சொன்னேன், ஒரு சின்னக் கணினியை வைத்து அதையே செய்யலாம் என்று. உள்ளங்கை அளவுதான் இருக்கும். மின்சாரம் போனதைக் கவனிக்கும்; போனால் நான் எழுதி வைத்த ஒரு கோப்பை ஓட்டும். அந்தக் கோப்பை எங்கள் வேலையில் ஸ்கிரிப்ட் என்பார்கள். கணினி என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிக்கு ஒன்றாகக் கட்டளை எழுதிய காகிதம் மாதிரி. டீசல் வால்வைத் திற, கொஞ்சம் பொறு, ஸ்டார்ட்டரை விடு, இன்ஜின் பிடித்ததா பார், மோட்டாரை அதற்கு மாற்று. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். செங்கல்பட்டில் தட்டச்சு லோயர் தேர்வு, பிறகு ஒரு கல்லூரி, பிறகு பொத்தேரியில் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, கூடுவாஞ்சேரியில் நாலு பேர் சேர்ந்து எடுத்த ஓர் அறை. என் வேலை என்ன என்பது என் அப்பாவுக்கு இன்றுவரை தெளிவாகத் தெரியாது. ஆனால் இந்த ஜெனரேட்டர் விஷயம் எல்லோருக்கும் புரிந்தது. மாமா அந்த ஸ்கிரிப்டை அச்செடுக்கச் சொல்லி, லேமினேட் செய்து, அலுவலக அறையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். குஞ்சு வாங்க வருகிறவர்களிடம் காட்டுவார்.

"எங்க மச்சான் எழுதினது. கரண்ட்டு போனா யாரும் ஓட வாணாம். அதுவே எழுந்து வண்டிய கெளப்பிடும்."

அது நம்பகமாக வேலை செய்யத் தொடங்கிய பிறகு மாமா இன்னொரு காரியம் செய்தார். பண்ணையில் டீசல் திருடு போய்க்கொண்டிருந்தது. ஆள் போக வேண்டிய தேவையே இல்லையே என்று ஜெனரேட்டர் அறைக்கு இரும்புக் கதவு போட்டு, பூட்டைக் கடப்பாரை எட்டாதபடி உள்வாங்கிப் பற்றவைத்து, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டார். கதவைத் தட்டிப் பார்த்து எல்லோரும் பாராட்டினோம். நானும்தான்.

அந்த நாள் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனதற்குக் காரணம் உண்டு. இதுவரை பத்து நிமிடம், கால் மணி நேரம் என்றுதான் மின்சாரம் போயிருந்தது. பகல் முழுக்க நிற்பது இதுதான் முதல் முறை. என் கணினி ஜெனரேட்டரை எழுப்புவதை வீடியோ எடுத்து அலுவலக நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. ஒன்பது மணிக்கு முன்பே கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றேன்.

கணக்கர் அலுவலக அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மாமாவின் ஊர்க்காரர். ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதிவிட்டு இங்கே வந்தவர்.

"தம்பி, நெசமாவே தானா எழுந்துக்குமா? என் மாப்ள அலாரம் வெச்சாக்கூட எழுந்துக்க மாட்டான்."

"உன் மாப்ளைக்கும் ஒரு ஒயர் குடுத்துடச் சொல்லு அண்ணாத்த," என்றார் தொட்டிக்காரம்மா. பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர். வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தவரை மாமா மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். "நீ நாஸ்தா துன்னியா தம்பி? படம் புடிச்சிகினே கீறியே."

நான் பதில் சொல்வதற்குள் காற்று மோட்டார் நின்றது.

அந்த வீடியோ இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. அதில் முதலில் தொட்டிகளின் இரைச்சல். பிறகு அது இறங்கி இறங்கி அடங்குகிறது. பிறகு கடல் சத்தம். அந்தக் கொட்டகைக்குள் நின்றுகொண்டு கடலைக் கேட்க முடியும் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு என் குரல் கேட்கிறது, சிரித்துக்கொண்டே, "இப்ப வரும், இப்ப வரும்" என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி நான், சிரிக்காமல், "இப்ப வரும்."

வரவில்லை.

"இன்னா தம்பி, உன் பொட்டி தூங்கிகினு கீதா?" என்றார் கணக்கர். அவர் இன்னும் கேலிதான் செய்துகொண்டிருந்தார். தொட்டிக்காரம்மா கேலி செய்யவில்லை. அவர் ஏற்கெனவே குஞ்சுகளைப் பைகளில் அடைக்கும்போது நிரப்புகிற ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டிருந்தார். இருந்தது ஒன்றுதான், அதிலும் பாதி. அதன் குழாயை முதல் தொட்டிக்குள் போட்டுவிட்டு, ஒரு வாளியை எடுத்துக்கொண்டு இரண்டாவது தொட்டியின் விளிம்பில் ஏறினார். தண்ணீரை மொண்டு, தலைக்கு மேல் தூக்கி, மேலிருந்து ஊற்றினார். மொண்டார், ஊற்றினார். தண்ணீர் விழுந்து கலங்கினால் அதற்குள் கொஞ்சம் காற்று போகும். ஆறு லட்சம் உயிருக்கு ஒரு வாளி.

"அண்ணாத்த, நீ மூணாவதுக்குப் போ," என்று அவர் கத்தினார். கத்தத் தேவையில்லை. இரைச்சல் இல்லாத கொட்டகையில் அந்தக் குரல் சுவரில் அடித்துத் திரும்பியது.

நான் அலுவலக அறைக்கு ஓடினேன். சின்னக் கணினி சுவரில் பச்சை விளக்கோடு உயிராகத்தான் இருந்தது. அதற்கும் இணையப் பெட்டிக்கும் இன்வெர்ட்டர் உண்டு. முந்தைய வாரம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் மேல் காய்ந்து ஒட்டியிருந்தன. மேசையில் இருந்த கணக்கரின் பழைய விண்டோஸ் கணினி மின்சாரத்தோடு அணைந்திருந்தது. என்னிடம் மடிக்கணினி இல்லை. கைபேசியிலேயே அதற்குள் நுழைந்து ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினேன்.

திரை முழுக்கப் பிழைச்செய்திகள் கொட்டின. அந்தக் கட்டளை இல்லை, இந்தக் கட்டளை இல்லை என்று வரிக்கு வரி. கைபேசியின் சின்னத் திரையில் அவை நான் படிப்பதற்கு முன்பே மேலே ஓடின. விரலால் தள்ளிவிட்டுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். முதல் வரியில், நான் எழுதாத ஒன்று. ஒரு கேள்விக்குறி. தனியாக, ஒரு வரி முழுக்க அது மட்டும்.

யார் இதைத் தொட்டது என்று யோசிக்கக்கூட நேரமில்லை. கேள்விக்குறியை அழித்தேன், சேமித்தேன், மறுபடி ஓட்டினேன்.

இந்த முறை ஒரே ஒரு செய்தி. தேவையான கோப்பு இல்லை.

முதலில் நிம்மதிதான் வந்தது. நூறு பிழை ஒன்றாகிவிட்டதே என்று. பிறகுதான் அந்த ஒன்றைப் படித்தேன். எந்தக் கோப்பு இல்லை? பட்டியலைக் கேட்டேன். கோப்பு இருந்தது. அதன் பெயர் இருந்தது, அதன் அளவு இருந்தது, ஓட்டுவதற்கான அனுமதி இருந்தது. அதை ஓட்டச் சொன்னால் இல்லை என்றது. ஒரு மனிதர் எதிரில் நின்றுகொண்டு, நான் இங்கே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மறுபடி ஓட்டினேன். மறுபடி இல்லை. எழுத்துகள் தப்புத் தப்பாக விழுந்தன.

மாமா கைபேசியில் கூப்பிட்டார். மின்சாரம் போனால் அவருக்கு ஒரு செய்தி போகும்படி வைத்திருந்தேன்; அது போகவில்லை என்பதால் கூப்பிட்டிருந்தார்.

"மச்சான், கரண்ட்டு போவலியா இன்னும்?"

"போயிடுச்சி மாமா. ஜெனரேட்டர் எழுந்துக்கல."

அந்தப் பக்கம் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"கெளம்பிட்டேன்," என்றார். "கதவ ஒடைங்க. எதால முடியுமோ அதால ஒடைங்க."

கணக்கர் வாளியைப் போட்டுவிட்டுக் கடப்பாரையோடு போனார். அந்த இரும்புக் கதவில் கடப்பாரை விழும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நாங்கள் பாராட்டிய கதவு. பற்றவைத்தவர் நன்றாகப் பற்றவைத்திருந்தார்.

நான் சுவரிலிருந்து லேமினேட் செய்த தாளைக் கழற்றி எடுத்து மேசையில் போட்டேன். ஒரு விரலைத் தாளிலும் ஒரு விரலைக் கைபேசியிலும் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். முதல் வரி அதேதான். இரண்டாவது அதேதான். புள்ளி, இடைவெளி, மேற்கோள்குறி, எல்லாம் அதேதான். கடைசி வரிவரை ஒரு எழுத்தும் மாறவில்லை. அந்தத் தாளில் இருந்தது இதுவரை எத்தனையோ தடவை இன்ஜினை எழுப்பியது. திரையில் இருந்ததும் அதுவே. ஆனால் இது எழுப்பவில்லை. வரிகளை ஒவ்வொன்றாகக் கையால் தட்டியிருந்தாலே போதும் என்று பிறகு நண்பர்கள் சொன்னார்கள். அந்த நேரத்தில் அது தோன்றவேயில்லை. எழுதியிருப்பது சரி என்று கண் சொல்லும்போது, அதைத் திரும்ப எழுது என்று மூளை சொல்லாது. என்னைப் போல எழுத்தைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவனுக்கு அது நிச்சயம் சொல்லாது.

"தம்பி," என்று கொட்டகையிலிருந்து குரல் வந்தது. "மேல வருதுங்க."

போய்ப் பார்த்தேன். இரண்டாவது தொட்டியில் தண்ணீரின் மேல்பரப்பு அசைந்துகொண்டிருந்தது. காற்றில்லாமல் எப்படி அசைகிறது என்று ஒரு கணம் நினைத்தேன். அத்தனையும் குஞ்சுகள். மேலே வந்து, ஓரத்துக்கு வந்து, சுவரோடு ஒட்டிக் குவிந்திருந்தன. தொட்டிக்காரம்மாவின் புடவை தோளிலிருந்து கால்வரை நனைந்திருந்தது. அவர் நிறுத்தவில்லை. மொண்டு, தூக்கி, ஊற்றினார்.

"நீ இங்க நின்னு இன்னா பண்ணப்போற? அங்க போயி அத எழுப்பு."

அறைக்கு ஓடிவந்து, கோப்பை வேறு விதமாக ஓட்டினேன். தானாக ஓடு என்று சொல்லாமல், கட்டளை ஓட்டும் நிரலின் கையில் அதை நேரடியாகக் கொடுத்தேன். மறுபடி பிழைகள் கொட்டின, முதல் முறை போலவே. இந்த முறை திரையைத் தள்ளவில்லை. முதல் பிழையைப் படித்தேன். இல்லை என்று அது சொன்ன கட்டளையின் பெயரை மேற்கோளுக்குள் போட்டிருந்தது. பெயருக்குப் பின்னால், மேற்கோள் மூடுவதற்கு முன்னால், ஒரு சாய்கோடும் ஆர் என்ற எழுத்தும். அடுத்த பிழையிலும். அதற்கு அடுத்ததிலும். எல்லா வரியின் கடைசியிலும் அதே வால்.

முதல் முறை கொட்டியபோதே இது இருந்திருக்கிறது. நான்தான் விரலால் தள்ளினேன்.

இது எனக்குத் தெரிந்த விஷயம். அலுவலகத்தில் இதைப் பார்த்திருக்கிறேன். வரி முடிந்துவிட்டது என்று சொல்ல என் சின்னக் கணினி ஒரு எழுத்தை வைக்கும். அலுவலக மேசையில் இருக்கும் விண்டோஸ் கணினி இரண்டை வைக்கும். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது. அதிகப்படியாக வந்த அந்த ஒன்றை என் கணினி வரியின் பகுதி என்றே நினைத்துக்கொள்ளும். என் கோப்பின் முதல் வரி, அதை ஓட்ட வேண்டிய நிரலின் பெயர்; அது தேடியது நான் எழுதிய அந்தப் பெயரை அல்ல, அந்தப் பெயரோடு ஒரு வால் ஒட்டிய வேறொரு பெயரை. அப்படி ஒன்று இல்லைதான். அது பொய் சொல்லவில்லை.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இருக்கும் அந்த எழுத்தை நீக்கு என்று ஒரே வரிக் கட்டளை ஒன்று உண்டு. அதை அடித்தேன். ஸ்கிரிப்டை ஓட்டினேன். சுவரில் இருந்த பெட்டி இரண்டு முறை சொடுக்கியது. கதவுக்குப் பின்னால் இன்ஜின் இருமி, ஒரு முறை அடங்கி, பிடித்துக்கொண்டது. கடப்பாரைச் சத்தம் நின்றது. கணக்கர் கதவுக்கு இந்தப் பக்கம் கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தார், உள்ளே யாரோ இருப்பதைப் போலக் கதவைப் பார்த்துக்கொண்டு.

கொட்டகையில் மறுபடி இரைச்சல் எழுந்தது. மூன்று தொட்டியிலும் குமிழி. தொட்டிக்காரம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு இரண்டாவது தொட்டியில் குமிழிகள் அடியிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்ததைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்கும் குஞ்சுகள் வெள்ளையாகியிருந்தன. ஊறிப்போன அவல்தூள் போல. கையை விட்டு அள்ளினேன். உள்ளங்கையில் எதுவும் துள்ளவில்லை. மூன்றாவது தொட்டியில் பாதி துள்ளியது, பாதி இல்லை. சிலிண்டர் போட்ட முதல் தொட்டி மட்டும் எப்போதும் போல இருந்தது.

"நான்தான் வாளியப் போட்டுட்டுக் கதவாண்ட போனேன்," என்றார் கணக்கர், மூன்றாவது தொட்டியைப் பார்த்துக்கொண்டு. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

நான் அவரைக் கேட்டேன். "அண்ணே, என் கோப்ப யாருனா தொறந்தாங்களா? மேல ஒரு கேள்விக்குறி இருந்திச்சி."

"கேள்விக்குறியா? அதெல்லாம் நமக்குத் தெரியாது தம்பி. நான் பிள்ளையார் சுழி மட்டும்தான் போட்டேன்."

அவர் எதை எழுதினாலும் மேலே உ போட்டுவிட்டுத்தான் எழுதுவார். டீசல் ரசீதில் போடுவார், தீனி மூட்டை எண்ணும் கரும்பலகையில் போடுவார், எனக்கு ஒரு முறை கைபேசி எண் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டிலும் போட்டார். ஆயுத பூஜை அன்று எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைத்துவிட்டு, இந்தச் சின்னப் பெட்டிக்கும் வைத்தார். பிறகு, உள்ளே இருக்கும் எழுத்துக்கு மட்டும் சுழி இல்லையே என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. மின்சாரம் எப்போதெல்லாம் போனது என்ற பட்டியலை அவர் எடுத்துக்கொள்வதற்காக, அந்தக் கோப்புறையை மேசைக் கணினியிலிருந்து திறக்கும்படி நான்தான் செய்து கொடுத்திருந்தேன். அதில் என் ஸ்கிரிப்டும் இருந்தது. திறந்து, முதல் வரியில் உ போட்டிருக்கிறார். அந்தப் பழைய கணினி தமிழ் எழுத்தைச் சேமிக்கத் தெரியாமல் அதைக் கேள்விக்குறியாக்கிவிட்டது.

"சுழி மட்டும்தானா அண்ணே? வேற எதுவும் செய்யலியா?"

அவர் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார்.

"நீ எழுதினது எல்லாம் ஒரே வரியா ஒட்டிகினு கெடந்திச்சி தம்பி. ஒரு இடத்துலயும் வரி பிரியல. பாக்கவே பேஜாரா இருந்திச்சி. சுவத்துல மாட்டிக்கிறமே, அதப் பாத்துப் பாத்து, எங்கெங்க வரி முடியுதோ அங்கெல்லாம் எண்டர் தட்டி ஒழுங்கு பண்ணி வெச்சேன். ஒரு மத்தியானம் பூரா ஆச்சி. உன்னாண்ட சொல்லணும்னு இருந்தேன்."

மேசைக் கணினி இரண்டு எழுத்தை எதிர்பார்ப்பது. என் கோப்பில் ஒன்றுதான் இருந்தது. அதனால் அதற்கு வரிமுடிவே தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒட்டிக் காட்டியிருக்கிறது. அவர் தட்டிய ஒவ்வொரு எண்டரும் அந்த இரண்டாவது எழுத்தை உள்ளே வைத்திருக்கிறது. எவ்வளவு கவனமாகச் செய்தாரோ அவ்வளவு முழுமையாகக் கெட்டிருக்கிறது. ஒரு வரியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. பூஜைக்குப் பிறகு அந்த வாரம் முழுக்க மின்சாரம் போகவேயில்லை என்பதால் யாருக்கும் தெரியவும் இல்லை. நல்ல வாரம் என்று தொட்டிக்காரம்மாகூடச் சொல்லியிருந்தார்.

மாமாவின் வண்டி தோப்பைத் தாண்டி வந்தது. திருக்கழுக்குன்றம் வழியாக எப்படி ஓட்டிக்கொண்டு வந்தாரோ, சட்டையெல்லாம் புழுதி. தூரத்திலேயே ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டுவிட்டார். வண்டியை நிறுத்தும்போதே முகம் தெளிந்திருந்தது. நெளிந்துபோன இரும்புக் கதவைப் பார்த்துச் சிரித்தார்.

"கதவு போச்சா? போனா போவுது மச்சான். வண்டி ஓடுதில்ல."

நாங்கள் மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாராவது ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே கொட்டகைக்குள் போனார். முதல் தொட்டியில் கையை விட்டுப் பார்த்தார். இரண்டாவதுக்கு வந்தார். அங்கே கையை விட்டவர், வெளியே எடுக்கவில்லை. முழங்கைவரை தண்ணீரில் வைத்தபடியே வெகுநேரம் நின்றார். நான் பக்கத்தில் போய் என்ன நடந்தது என்று சொன்னேன். இரைச்சலில் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

"எழுத்து எல்லாம் சரியா இருந்திச்சின்ற," என்றார் கடைசியில்.

"சரியாத்தான் இருந்திச்சி மாமா. வரி முடியுற எடத்துல..."

"அங்க இன்னா கீது? அங்க ஒண்ணுமில்லியே. வெத்து எடம்."

வெற்று இடம்தான். நானும் பத்து வருடமாக எண்டர் விசையைத் தட்டுகிறேன்.

கணக்கர் அன்று மதியம் சாப்பிடவில்லை. தன்னால் எப்படி ஆனது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்றார். அவரும் தட்டச்சு படித்தவர். அந்தக் காலத்தில் கணக்கு வேலைக்குப் போகிற எல்லோரும் படித்தார்கள். நான் மேசையில் கையை வைத்துத் தட்டச்சுப் பொறியைக் காட்டினேன். வரி முடிந்ததும் நெம்பைப் பிடித்துத் தள்ளுவோமே, அதில் இரண்டு காரியம் நடக்கிறது: காகிதம் மாட்டிய வண்டி நகர்ந்து வரியின் தொடக்கத்துக்குத் திரும்புகிறது, காகிதம் ஒரு வரி மேலே ஏறுகிறது. ஒரு கணினி இரண்டையும் தனித்தனியாக எழுதி வைக்கிறது. இன்னொன்று காகிதம் ஏறினாலே போதும் என்கிறது.

"வண்டியத் தள்ளினதுதான் அந்த வாலா?"

"ஆமா அண்ணே."

"நெம்பத் தள்ளாம எப்படிப்பா அடுத்த வரிக்குப் போறது?" என்று கேட்டார். அவர் வாதாடவில்லை. திகைத்துப்போய்க் கேட்டார். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

குஞ்சுகளை வாங்குவதாக இருந்த குட்டைக்காரர் மரக்காணம் பக்கத்திலிருந்து சொன்னபடி வந்தார். முதல் தொட்டியை முழு விலைக்கு எடுத்துக்கொண்டார். மூன்றாவதில் பிழைத்தவற்றில் கொஞ்சத்தை, தெம்பு இருக்கிறதா என்று பார்க்க, உப்பில்லாத நல்ல தண்ணீரில் விட்டு ஒரு குவளையில் சோதித்துப் பார்த்தார்; அவை சுருண்டு அடியில் போயின. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாமாவின் முகத்தைப் பார்க்காமல் வண்டி ஏறினார். வேறொருவர் அவற்றைக் குஞ்சு ஒன்று பத்துப் பைசாவுக்கு வாங்கிப் போனார். இரண்டாவது தொட்டியை மருந்து போட்டுத் திறந்துவிட்டோம். தண்ணீர் வடிய வடியச் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு இறங்கிக்கொண்டே போனது. அதைத் தொட்டிக்காரம்மா தேய்த்துக் கழுவினார்.

அக்காவிடம் மாமாவே சொன்னார். எனக்குப் பக்கத்தில் நின்றுதான் கைபேசியில் பேசினார். அவள் என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. "அது வராது இப்ப" என்று மட்டும் இவர் சொன்னார். பிறகு, "இல்ல, உன் தம்பி எழுதினது கரெக்ட்டுதான்" என்றார். அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார்.

ஸ்கிரிப்டின் முதல் வரிக்கு முன்பாக இப்போது வேறொரு சின்ன நிரல் ஓடுகிறது; கோப்பில் எங்கேயாவது வால் ஒட்டியிருந்தால் அதை வெட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்கும். மேசைக் கணினியிலிருந்து அந்தக் கோப்பைத் திறக்கலாம், மாற்ற முடியாது. ஜெனரேட்டர் அறைச் சாவி ஆணியில் தொங்குகிறது, லேமினேட் தாள் தொங்கிய அதே ஆணியில்.

வாரக் கடைசியில் கணக்கர் நட்டத்தைக் கூட்டுவதற்கு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். பேனாவை மேலே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். எழுதவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை.

"போடு அண்ணாத்த," என்றார் மாமா. "காயிதத்துல போட்டா ஒண்ணும் ஆவாது."

அவர் போட்டார். அதற்குக் கீழே எழுதினார்: இரண்டாவது தொட்டி ஒரு லட்சத்து எண்பதாயிரம். மூன்றாவதில் வந்தது போக ஒரு லட்சத்து ஐம்பதாயிரம். கதவும் பூட்டும் இரண்டாயிரத்து ஐநூறு. சிலிண்டர் எண்ணூறு. தொட்டிக்கு மருந்து ஆயிரத்து இருநூறு. இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுக் கடைசி வரியை எழுதினார். மூன்று லட்சத்து முப்பத்து நாலாயிரத்து ஐநூறு ரூபாய்.